நாலு பேர் சிரிக்கும் ஊர்

கேள்வி: அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சாட்டனூகா என்ற ஊரில் என் மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நியூயார்க், கலிபோர்னியா என்றால் வெளியே சொல்லிக்கொள்ளலாம். இது தெற்கே ஏதோ பட்டிக்காடாம், சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். அங்கே மனுஷன் குடியிருக்க முடியுமா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: 2020 கணக்கெடுப்பில் சாட்டனூகாவின் மக்கள்தொகை ஒரு லட்சத்து 81 ஆயிரம். 2011 கணக்குப்படி உங்கள் திண்டுக்கல்லில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். திண்டுக்கல்லைப் பட்டிக்காடு என்று யாராவது சொன்னால் சும்மா விடுவீர்களா?

அக்கா மகள் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன், அந்தத் தைரியத்தில் சொல்கிறேன். போன இரண்டாம் நாள் கொத்தமல்லி வாங்கக் கடைக்கு நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர்தான். பாதி வழியில் நடைபாதை முடிந்துவிட்டது. புல்லில் இறங்கி நடந்தேன். பத்து நிமிஷத்துக்குள் இரண்டு கார்கள் நின்றன. “வண்டி ரிப்பேரா? ஏறிக்கொள்ளுங்கள், விட்டுவிடுகிறேன்” என்றார் ஒரு பாட்டியம்மா. அந்த ஊரில் ரோட்டோரம் நடந்து போகிறவன் ஏதோ சிக்கலில் மாட்டியவன் என்றுதான் அர்த்தம். பழைய ரயில் நிலையம் ஓட்டலாகி வெகு காலமாகிறது. பயணிகள் ரயில் கிடையாது. நல்ல முருங்கைக்காய், பெரிய கோயில் என்றால் அட்லாண்டாவுக்குக் காரில் இரண்டு மணி நேரம்.

நாம் “சொந்த ஊர் எது?” என்று கேட்டு ஆளை எடை போடுகிற மாதிரி, அங்கே “எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்பார்கள். பையன் மிரள வேண்டாம். கோயிலுக்குப் போகிறேன் என்றால் சரி என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள், பெரும்பாலும். ஆனால் “பிளெஸ் யுவர் ஹார்ட்” என்று யாராவது கனிவாகச் சொன்னால் உடனே பூரித்துப் போகக் கூடாது. நம் ஊரில் “நீ நல்லா இருப்பே” என்பதை எந்தத் தொனியிலும் சொல்லலாம் இல்லையா, அந்தக் கதைதான்.

சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை என்று குதிப்பான். கடை பில்லில் ஒன்பது சதவீதத்துக்கு மேல் தீட்டிவிடுவார்கள். ஆடி மாதப் புழுக்கம் அங்கேயும் உண்டு. வெண்டைக்காயைச் சோளமாவில் புரட்டிப் பொரித்துத் தருவார்கள், அதற்கு மட்டும் நான் மறுபடி போவேன்.

பட்டிக்காடு என்றீர்களே: ஊருக்குச் சொந்தமான மின்வாரியமே 2010-இல் வீடுகளுக்கு விநாடிக்கு ஒரு கிகாபிட் வேகத்தில் அதிவேக இணையம் கொடுத்தது. 1969-இல் நாட்டிலேயே மோசமான காற்று இங்கேதான் என்று அமெரிக்க அரசு சொன்ன ஊர் அது. அத்தனை உலைகள், அத்தனை புகை. இன்று ஆற்றங்கரையில் காலாற நடக்கலாம். தோல் ஆலைக் கழிவுநீரைப் பார்த்த திண்டுக்கல்காரருக்கு இதன் அருமை தெரியும்.

டென்னசி ஆற்றின் மேல் வால்நட் ஸ்ட்ரீட் பாலம், 1993 முதல் நடப்பவர்களுக்கு மட்டும். சாயங்காலம் குழந்தைகள் ஐஸ்கிரீமோடு ஓடுகிறார்கள். 1906-இல் எட் ஜான்சன் என்ற கறுப்பினத்தவரின் தூக்குத் தண்டனையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அதற்காகவே ஒரு கும்பல் அவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து இதே பாலத்தில் தொங்கவிட்டது. அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு 2000-இல்தான் ரத்தானது. 2021-இல் பாலத்தின் தென்முனையில் நினைவுச் சின்னம் வைத்தார்கள். தெற்கு என்றால் இதுவும் சேர்த்துத்தான். உங்கள் மகனை முதல் வாரமே அங்கே போய் நின்றுவிட்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம், யார் யார் சிரித்தார்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். பையனுக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று ஒரு வரி இல்லையே?