மகள் வேலையை விடட்டும், இரண்டாவது கிளையன்ட் வந்த பிறகு

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எட்டு வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருந்து நல்ல பெயர் எடுத்த மகள், வேலையை ராஜினாமா செய்துவிட்டுத் தனியாக கான்ட்ராக்டில் செய்யப்போகிறேன் என்கிறார். "மாதச் சம்பளத்தை யாராவது கையால் தள்ளிவிடுவார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிவிட்டு நன்றாக இருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், ஒரு வருடத்தில் பழைய வேலையைத் தேடி அலைந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் முடிவே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தின் நடுவில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நிறுத்தியது: "ஒரு கம்பெனி இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு தருவதாகச் சொல்கிறதாம்."

ஒரு கம்பெனி, ஒன்றரை மடங்கு. எனக்கு இரண்டிலுமே கவலை இருக்கிறது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். மகளின் ஆண்டுச் சம்பளத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு போக ஆண்டில் சுமார் 260 நாட்கள். 100-ஐ 260-ஆல் வகுத்து, அதை ஒன்றரையால் பெருக்கி, "நாளுக்கு இவ்வளவு" என்று பேசியிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த 260-இல் விடுப்பு நாட்களும் பொது விடுமுறைகளும் காய்ச்சலில் படுத்த நாட்களும் அடக்கம். நிறுவனம் அவற்றுக்கும் சம்பளம் தந்தது. இனி யாரும் தரமாட்டார்கள். 30 நாட்கள் அப்படிப் போனால் 230 மிஞ்சும். வேலை தேடுவது, எஸ்டிமேட் போடுவது, கணக்கு எழுதுவது, வராத பணத்தைக் கேட்டுப் பின்தொடர்வது, புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வது எல்லாம் அந்த 230-க்குள்தான். தனியாகத் தொழில் செய்பவர் ஆண்டுக்கு 150 நாட்களுக்கு பில் போட முடிந்தாலே தொடக்கத்தில் நல்ல நிலைதான்.

மறுபக்கம் செலவு கூடும். மருத்துவக் காப்பீடு, ஓய்வுக்கால நிதிக்கு நிறுவனம் போட்ட பங்கு, லேப்டாப், மென்பொருள் உரிமங்கள் எல்லாம் இனி அவர் கைக்காசு. அதற்கு 25 பங்கு வையுங்கள். ஆக, இப்போதுள்ள நிலையிலேயே இருக்க 125 தேவை. ஒன்றரை மடங்கு விலையில் 230 நாளும் வேலை கிடைத்தால் சுமார் 133 வரும். 150 நாள் என்றால் 87-கூட வராது. 150 நாளில் 125 எடுக்க, இப்போதைய தினச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் சற்று மேலாகவே கேட்க வேண்டும். என் 25-ஐயும் 150-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளாமல், மகள் தன் சொந்த எண்களைப் போட்டுப் பார்க்கட்டும். ஒரே ஒரு மாலை உட்கார்ந்தால் போதும்.

"அந்தக் கம்பெனி வருடம் முழுக்க வேலை தருமே, 230 நாளும் கிடைக்குமே" என்று அவர் சொல்லலாம். இரண்டாவது கவலை அங்கேதான். ஒரே இடத்தில், அவர்கள் சொல்லும் நேரத்தில், அவர்கள் தரும் கருவியில், அவர்கள் மேலாளரின் கீழ் வேலை செய்வதற்குப் பெயர் மட்டும் கான்ட்ராக்ட். முதலாளி மாறவில்லை, விடுப்பும் காப்பீடும் பணிநீக்கப் பாதுகாப்பும் மட்டும் போய்விட்டன. பல நாடுகளின் தொழிலாளர், வரிச் சட்டங்கள் ஒப்பந்தத்தில் எழுதிய பெயரை மட்டும் பார்ப்பதில்லை. வேலையை எப்படிச் செய்வது என்று தீர்மானிப்பவர் யார், நேரத்தைக் கட்டுப்படுத்துவது யார், லாப நஷ்டம் யாருடையது, வேறு இடத்திலும் வேலை செய்ய உரிமை உண்டா என்றெல்லாம் பார்க்கும். அந்தச் சோதனையில் இவர் ஊழியர்தான் என்று தீர்ந்தால் வரிச் சிக்கல் அவரையும் தொடக்கூடும்.

நானும் இந்த ஆலோசனைப் பணிக்கு முன்பு ஒரே கிளையன்டை நம்பி வேலையை விட்டவன். ஏழாவது மாதம் அவர்கள் பட்ஜெட்டைக் குறைத்தார்கள். நான்கு வரி மின்னஞ்சலில் முடிந்தது. என் வேலையில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, ஆனாலும் அடுத்த வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதத்தை உங்கள் மகள் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு சொல்கிறேன்.

ஆகவே அவரிடம் "போகாதே" என்று சொல்லாதீர்கள். "இரண்டாவது கிளையன்ட் யார்?" என்று கேளுங்கள். முதல் கிளையன்ட் தெரிந்தவர் மூலம் வந்துவிடுவார். இவரது வேலைக்கு வெளியில் விலை இருக்கிறதா என்பது இரண்டாமவர் வரும்போதுதான் தெரியும். வேலையில் இருந்துகொண்டே தேடலாம், ஆனால் நியமன ஒப்பந்தத்தை முதலில் எடுத்துப் படிக்கட்டும். வெளிவேலைக்குத் தடை உண்டா, உருவாக்கியதெல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்கிற விதி எவ்வளவு தூரம் நீள்கிறது, விலகிய பின் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்று உண்டா, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள். அலுவலக லேப்டாப்பில் சொந்த வேலையின் ஒரு ஃபைல்கூட இருக்கக் கூடாது.

கையிருப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் மாதம் வேலை, மாதக் கடைசியில் இன்வாய்ஸ், அதிலிருந்து பணம் தர 30 நாள் கெடு, அதற்கு மேல் இரண்டு வாரத் தாமதம் என்றால், முதல் பணம் கைக்கு வர 75 நாள் ஆகிவிடும். இது அசாதாரணம் இல்லை. ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்க வேண்டும் என்பேன். வரும் ஒவ்வொரு தொகையிலும் வரிக்கான பங்கை அன்றே வேறு கணக்கில் போட்டுவிட வேண்டும்; இனி பிடித்துக் கட்ட நிறுவனம் இல்லை. வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் அது சில ஆண்டுகள் தள்ளிப்போகலாம். சுயமாகச் சம்பாதிப்பவரிடம் வங்கிகள் பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டு வருமானக் கணக்கைக் கேட்கும்.

ஒப்பந்தம் எழுதும் நாள் வரும்போது என்னிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள். வேலையின் எல்லை, திருத்தம் எத்தனை முறை, பணம் தரும் தேதி, இடையில் நிறுத்தினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, முழுப் பணம் வந்த பிறகே செய்த வேலையின் உரிமை அவர்களுக்கு மாறும் என்ற வரி, தவறு நேர்ந்தால் இவர் தரவேண்டிய இழப்பீட்டுக்கு உச்சவரம்பு: இவை இல்லாமல் கையெழுத்து வேண்டாம்.

இந்தக் கடிதத்தை மறைக்காமல் மகளிடமே கொடுங்கள். தனியாக வேலை செய்யும் இரண்டு மூன்று பேரிடம் அவர் பேசட்டும். போன வருடம் எத்தனை நாளுக்கு பில் போட்டீர்கள், எத்தனை கிளையன்ட், எந்தப் பணம் இன்னும் வரவில்லை என்று நேராகவே கேட்கட்டும். பதில்களை எழுதி எடுத்துக்கொண்டு இருவருமாக வாருங்கள். அதுவரை ராஜினாமாக் கடிதம் அனுப்ப வேண்டாம். அந்தக் கம்பெனி அவசரப்படுத்தினால், அடுத்த மாதம் பதில் சொல்கிறேன் என்று எழுதச் சொல்லுங்கள்.