சேலைன் போடாமல் விட்டது பாவமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்கும் பரவிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று கிளினிக்கில் சொல்லி மோர்பின் குளிசை தந்தார்கள். அதைக் கொடுத்தால் ஆள் சீக்கிரம் போய்விடும் என்கிறார் சித்தப்பா. மூன்று நாளாக இரண்டு கரண்டி கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. கனடாவில் இருக்கும் தம்பி தினமும் வட்ஸ்அப்பில் வந்து, சேலைன்கூடப் போடாமல் ஏன் வைத்திருக்கிறாய் என்று சத்தம் போடுகிறான். என்ன செய்ய?
— ஒரு வாசகி, பெரியகல்லாறு

பதில்: தங்கச்சி, முதலில் குளிசை. டொக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் கொடுக்கும் மோர்பின் ஆளைக் கொல்லாது. வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு, சித்தப்பா வெளியே போன நேரம் பார்த்து ஒன்றைக் கொடுப்பதுதான் பிழை, ஏனென்றால் ஏறிவிட்ட வலியை இறக்கக் கூடுதல் மருந்து வேண்டியிருக்கும், அம்மாவும் வீணாகத் துடிப்பா. முதல் இரண்டு மூன்று நாள் நித்திரைத் தூக்கமாக இருப்பா, பிறகு பெரும்பாலும் தெளியும். மலச்சிக்கல் மட்டும் தெளியாது, அதற்கும் சேர்த்து மருந்து எழுதியிருக்கிறார்களா என்று துண்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஒரு கொப்பியில் கொடுத்த நேரத்தையும் அப்போது வலி எப்படி இருந்தது என்பதையும் எழுதி வையுங்கள், அடுத்த முறை டொக்டருக்கு அதைவிட உதவியான ரிப்போர்ட் கிடையாது. விழுங்க முடியாமல் போகும் நாளும் வரும், குளிசையை நிறுத்திவிடாமல் வேறு எப்படிக் கொடுப்பது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சரி, சேலைன். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கடைசிக் கட்டப் புற்றுநோயாளர் 129 பேரில் ஒரு பாதிக்கு நாளுக்கு 1 லீற்றர், மறுபாதிக்கு வெறும் 100 மில்லிலீற்றர், யாருக்கு எது என்று சொல்லாமல் ஏற்றினார்கள். 2013இல் வெளிவந்த முடிவில் களைப்பிலும் குழப்பத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை, உயிரோடு இருந்த நாட்களிலும் இல்லை. உடம்பு வாங்காத நேரத்தில் ஏற்றும் தண்ணீர் சிலருக்குக் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் நிற்கும். தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். தூரத்தில் இருப்பவனுக்குக் குற்ற உணர்ச்சி, அது அதட்டலாக வருகிறது, மனதில் எடுக்காதீர்கள்.

ஆனால் வாய் காயும், அதைப் பார்க்க வேண்டும். மெல்லிய துணியை ஆறின தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, உதடு, முரசு, நாக்கு என்று மெதுவாகத் துடையுங்கள், அப்புறம் உதட்டில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். மணிக்கு ஒரு தரம் செய்தாலும் அதிகமில்லை. கேட்டால் தலையை உயர்த்திப் பிடித்து அரைக் கரண்டி இளநீர் கொடுங்கள், கேட்காவிட்டால் வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம், புரைக்கேறும்.

இந்தக் கவனிப்புக்குத் தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர், கிளினிக்கில் பாலியேட்டிவ் கெயார் என்பார்கள். கைவிட்ட பிறகு தரும் ஆறுதல் பரிசு என்று நினைக்க வேண்டாம். பொஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரை வைத்துச் செய்த ஆய்வில், இதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப்பேர் தாண்டி வாழ்ந்த காலம், 11.6 மாதம், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9. அது 2010இல் வந்தது, எங்கள் ஊர்ச் சித்தப்பாக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில், வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி யாராவது இருக்கிறார்களா என்று ஒரு நடை போய்க் கேளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு ஐயா நெஞ்சு வருத்தத்தோடு கட்டிலிலேயே. பார்க்கப் போகக் கூச்சமாக இருக்கிறது. என்ன கொண்டு போகலாம்?
— ஒரு வாசகர், திருக்கோவில்

பதில்: அந்த வீட்டு அலுமாரியில் ஏற்கெனவே நாலு நெஸ்டமோல்ட் பெட்டி இருக்கும், ஐந்தாவது வேண்டாம் தம்பி. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு என்பதால் தாய் தகப்பனின் கடைசிக் காலமும் பெரும்பாலும் அவள் தலையில்தான். அவளைப் போய்த் தூங்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் நீங்கள் இருங்கள்.

கேரளாவில் நோய்த்தணிப்புப் பராமரிப்பை இப்படித்தான் வளர்த்தார்கள். 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய சின்ன கிளினிக், பிறகு அயல்வீட்டுக்காரரையே பழக்கி வீடு வீடாக அனுப்பும் வலையமைப்பாகி, 2008இல் மாநில அரசே கொள்கை வகுக்கும் அளவுக்குப் போனது. அதில் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் ஆஸ்பத்திரியோடு எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள்.

ஐயாவுக்கு மூச்சு வாங்கினால் பதறாதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி, யன்னலைத் திறந்துவிட்டு, முகத்துக்கு நேரே விசிறுங்கள். இங்கிலாந்தில் 50 பேரிடம் பார்த்திருக்கிறார்கள், கையில் பிடிக்கும் சின்ன ஃபேன் காற்றை 5 நிமிடம் முகத்தில் படவிட்டபோது இளைப்பு குறைந்தது, காலில் படவிட்டபோது அப்படிக் குறையவில்லை. உங்கள் வீட்டில் ஓலை விசிறி இருந்தால் அதையே கொண்டு போங்கள்.