அந்த அக்காவுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு

கேள்வி: எங்கள் சபை மூப்பர் ஒருவர் வீட்டில் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவிலிருந்து வந்த அக்கா வேலை செய்கிறார். அவரும் கிறிஸ்தவர்தான். ஆனால் ஆராதனை நேரம் முழுக்கப் பின்னறையில் அவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடுமுறையே கிடையாது, பாஸ்போர்ட்டும் மூப்பரிடம். கேட்டால், "பணிப்பெண்ணுக்கு ஓய்வு நாள் தரச் சட்டத்தில் கட்டாயம் இல்லை, ஓடிவிட்டால் ஏஜென்ட்டுக்குக் கட்டிய காசை யார் தருவார்?" என்கிறார். என் கணவரோ, "சபையில் சண்டை வேண்டாம், ஜெபம் பண்ணு" என்கிறார். நான் என்ன செய்ய?
- ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, ஜெபம் பண்ணுங்கள், ஆனால் பேசவும் வேண்டும்.

மூப்பர் சொல்வதில் பாதி சரி. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் வார ஓய்வு நாள் பற்றிய பகுதி வீட்டுப் பணியாளருக்குப் பொருந்தாது, 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தமும் அதை மாற்றவில்லை. ஆனால் 2011-லேயே மலேசியாவும் இந்தோனேசியாவும் வாரம் ஒருநாள் ஓய்வு, பாஸ்போர்ட் பணிப்பெண்ணிடமே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. 2022 ஏப்ரலில் போட்ட ஒப்பந்தம் மாதச் சம்பளம் குறைந்தது 1,500 ரிங்கிட் என்கிறது. அப்புறம், சட்டப்படி அதிகாரம் இல்லாமல் இன்னொருவர் பாஸ்போர்ட்டை வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தில் குற்றம். "பாதுகாப்புக்காக வாங்கி வைத்தேன்" என்று சொல்லிவிட்டால் அது சரியாகிவிடாது.

சரி, சட்டத்தை விடுங்கள், அவர் வேதம் வாசிக்கிறவர். உபாகமம் 5-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளையை எடுத்துப் பாருங்கள். வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன் என்பதை நினைத்துக்கொள் என்று அங்கேயே காரணமும் சொல்லியிருக்கிறது. நமக்கு அந்த எகிப்து ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் முடிந்தது 1910-ல், கங்காணி ஆள் பிடித்துக் கப்பலேற்றியது 1938 வரை நடந்தது. முன்பணக் கடனைக் காட்டித் தோட்டத்தில் கட்டிப்போட்டார்கள், ஒப்பந்தக் கூலி ஓடினால் குற்றவாளி என்று ஜெயிலில் போட்டார்கள். அந்த லயத்துப் பிள்ளைகளின் பேரன் பேத்திகள் நாம். "ஓடிவிட்டால் காசு போகுமே" என்ற அதே பேச்சை இன்னொரு நாட்டுப் பெண்ணைப் பார்த்து நம் வாயால், அதுவும் சபை மூப்பர் வாயால் கேட்கும்போது எனக்கு மனசு தாங்கவில்லை.

ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணம் பெரிய பணம்தான், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அது மூப்பருக்கும் ஏஜென்ட்டுக்கும் உள்ள கணக்கு. அந்த அக்காவின் பாஸ்போர்ட்டை அதற்கு அடகாக வைக்க முடியாது.

2018 பிப்ரவரியில் பினாங்கு புக்கிட் மெர்தாஜாமில் வீட்டு வேலை செய்த அடெலினா என்ற இந்தோனேசியப் பெண்ணை உடம்பெல்லாம் காயத்தோடு மீட்டார்கள், மறுநாளே மருத்துவமனையில் இறந்துபோனார். ஒவ்வொரு ஜூலையும் புனித அன்னாள் திருவிழாவுக்கு நாம் கூட்டம் கூட்டமாகப் போகிற அதே ஊர். மூப்பர் வீட்டில் அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாஸ்போர்ட்டும் இல்லாமல், வெளியே போக ஒரு நாளும் இல்லாமல் இருக்கிற பெண்ணுக்கு ஏதாவது நடந்தால் யாருக்குத் தெரியும்?

"சபை விஷயம் வேறு, சமூக விஷயம் வேறு" என்பவர்களுக்கு ஐரின் பெர்னாண்டஸ் ஞாபகம் வர வேண்டும். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் வளர்ந்தவர், 1991-ல் பெண்கள், வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமைக்காகப் போராடும் தெனாகனித்தா என்ற அமைப்பைத் தொடங்கினார். வெளிநாட்டுத் தொழிலாளர் தடுப்பு முகாம்களின் நிலையை 1995-ல் எழுதினதற்காக வழக்கில் மாட்டி, 2003-ல் ஓராண்டுச் சிறை என்று தீர்ப்பாகி, 2008-ல்தான் மேல்முறையீட்டில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். விசுவாசத்துக்காக இவ்வளவு தாங்கிய பெண் நம் ஊரிலேயே இருந்திருக்கிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அந்த அக்காவிடம், தனியாக, அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் அவசரப்பட்டுப் பேசி வைத்தால் அடி விழுவது அவர்மேல். அவர் சரி என்றால் மத்தேயு 18 சொல்கிறபடி மூப்பரிடமும் அவர் மனைவியிடமும் நேரில் பேசுங்கள், கேட்காவிட்டால் ஒருவர் இருவரோடு போங்கள், பிறகு போதகர். பேரப்பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை சபைப் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆனால் அடி, பூட்டிவைப்பது, சம்பளம் தராதது என்று ஏதாவது தெரிந்தால் இந்தப் படியெல்லாம் வேண்டாம். நேராகப் போலீஸ், தொழிலாளர் இலாகா, தெனாகனித்தா, இல்லையென்றால் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் இந்தோனேசியத் தூதரகம்.

கேள்வி: எங்கள் பணிப்பெண் ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கலாம் என்று சம்பளத்தைச் சேர்த்து வைக்கிறோம். நல்ல எண்ணம்தானே?
- ஒரு வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: வேண்டாம் ஐயா. கூலியைப் பொழுது போகுமுன் கொடு, அவன் உன் சகோதரனானாலும் அந்நியனானாலும் சரி என்று உபாகமம் 24 சொல்கிறது. சேர்த்து வைப்பதா ஊருக்கு அனுப்புவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் பெயரில் வங்கிக் கணக்குத் திறந்து, இதுவரை உள்ள பாக்கியை அதில் போட்டு, மாதாமாதம் செலுத்துங்கள், ஏடிஎம் கார்டு அவர் கையில் இருக்கட்டும். 2021 ஜூனிலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி கட்டாயம், அதைக் கட்டுகிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.