குன்னூர் மலையில் ஹெலிகாப்டருக்கு எமன் மெலிந்த காற்றா, மேகமா?

கேள்வி: உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால்தான் நீலகிரியில் ஹெலிகாப்டர் ஓட்டுவது ஆபத்தா?

அது பாதிக் கதைதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிடக் காற்றின் அடர்த்தி அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தூக்குவிசையும் என்ஜின் பலமும் குறையும். ஆனால் இது முன்கூட்டியே கணக்குப் போடக்கூடியது. எடையைக் குறைத்தால் சரி.

மேகம் அப்படியில்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஈரக்காற்று சரிவில் ஏறி, குளிர்ந்து, குன்னூர் உயரத்தில் மேகமாகிவிடும். குன்னூர் அருகே உள்ள டால்பின் நோஸ் காட்சிமுனையில் நின்று பாருங்கள்: எதிரே தெரிந்த தேயிலைச் சரிவு, பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும். கீழே இருப்பவருக்கு அது மேகம், அங்கே நிற்பவருக்குப் பனிமூட்டம். உள்ளே மாட்டிய விமானிக்கு எது மேல், எது கீழ் என்பதே குழம்பும். சமநிலையை உணர்த்தும் உள்காது பொய் சொல்லும், கருவிகளைத்தான் நம்ப வேண்டும்.

2021 டிசம்பர் 8 அன்று கோவை அருகே சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து குன்னூரை ஒட்டிய வெலிங்டனுக்குப் போன எம்ஐ-17வி5 ராணுவ ஹெலிகாப்டர், காட்டேரி என்ற இடத்தின் அருகே விழுந்தது. அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தனர். இயந்திரக் கோளாறு இல்லை, எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்துக்குள் நுழைந்து, திசையுணர்வு குழம்பி மலையில் மோதியது என்றது விசாரணை. மேகம் தென்பட்டால் உள்ளே நுழையாமல் சூலூருக்கே திரும்புவதுதான் என் பார்வையில் உருப்படியான ஒரே வழி.