நிறுவனப் பாதுகாப்புத் துறை மாநாட்டுக்கு மகளை அனுப்பலாமா?

மதிப்பிற்குரிய ஐயா,

பெருநிறுவனம் ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் துணை மேலாளராக இருக்கும் உங்கள் மகள், அத்துறையின் மாநாட்டுக்குச் சொந்தச் செலவில் செல்ல விரும்புவதாகவும், சேமிப்பையும் விடுப்பையும் வீணாக்கும் காரியமாகவே அது உங்களுக்குப் படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தயக்கம் புரிகிறது. ஆயினும், தக்க முன்னேற்பாட்டுடன் அவர் போவது நல்லது என்பதே என் கருத்து.

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஐயம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து மேசையிலேயே ஆள் உண்டு. பாதுகாப்புத் தலைவருக்கோ, தம் நிறுவனத்துக்குள் தம் வேலையைச் செய்யும் இன்னொருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. திருட்டு எப்படி நடந்தது, தகவல் எந்த வழியாகக் கசிந்தது என்பதை எந்த நிறுவனமும் எளிதில் வெளியே சொல்லாது என்பதால், இத்துறையின் அனுபவ அறிவில் பெரும்பகுதி பாடநூலுக்கு வருவதே இல்லை. அது நேர்ப்பேச்சில்தான் கைமாறுகிறது. கேட்டதைப் பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை மட்டும் வெளியிடக் கூடாது என்று 1927-இல் லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனத்தில் வகுக்கப்பட்ட நெறியைப் பின்பற்றும் அமர்வுகளில் மூத்தவர்கள் தங்கள் தோல்விகளையும் மனம்விட்டுப் பேசுவார்கள்.

என்னிடம் ஆலோசனை பெற்ற ஒருவர் விவரித்த காட்சி இது. தேநீர் இடைவேளையில் ஒருவர், வேலையிலிருந்து விலகியவரின் அடையாள அட்டை உங்கள் கதவுகளை எத்தனை மணி நேரம் வரை திறக்கும் என்று கேட்டிருக்கிறார். அன்று மாலையே முடக்கிவிடுவோம் என்றார் ஒருவர். மற்றொருவர், மனிதவளப் பிரிவின் பட்டியல் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும், ஒப்பந்தப் பணியாளர்களின் பெயர் அதில் இருக்கவே இருக்காது என்று ஒப்புக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த நம்மவர் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகத் தம் அலுவலகப் பட்டியலைச் சரிபார்த்தார். மேடை உரைகளைவிட இந்தப் பத்து நிமிடமே அவருக்குப் பெரும் பயனாக அமைந்தது.

1955-இல் தொடங்கப்பட்ட ஏசிஸ் இன்டர்நேஷனல் இத்துறையின் முதன்மையான அமைப்புகளுள் ஒன்று. அதன் ஆண்டு மாநாடு 2018 முதல் குளோபல் செக்யூரிட்டி எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரில் நடக்கிறது. பாதுகாப்பு மேலாண்மையில் தேர்ந்தவர்களுக்கு அவ்வமைப்பு வழங்கும் சிபிபி சான்றிதழைத் தக்கவைக்க மூன்றாண்டுகளில் 60 தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. சைபர் பாதுகாப்புக்கான சிஐஎஸ்எஸ்பி சான்றிதழுக்கு அதே காலத்தில் 120. மாநாட்டு அமர்வுகள் இப்புள்ளிகளைச் சேர்க்கும் வழிகளுள் ஒன்று. கதவும் கேமராவும் கணினி வலையமைப்பில் இயங்கும் இந்நாளில், உங்கள் மகள் கட்டடப் பாதுகாப்பு, கணினிப் பாதுகாப்பு என்ற இரு பக்கத்தாரையும் அறிந்திருப்பது அவசியம்.

கண்காட்சி அரங்கில்தான் அவர் கவனமாக இருக்க வேண்டும். கருவி விற்க வந்தவர்கள் அன்பாகப் பேசிப் பேசியே நிறுவனத்தின் பலவீனங்களைக் கேட்டறிந்துவிடுவார்கள். எதை வெளியில் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்பதை மேலதிகாரியிடம் முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொள்ளட்டும். நிகழ்ச்சி நிரலையும் பாருங்கள்: பேசுவோரில் பெரும்பாலோர் விற்பனைப் பிரதிநிதிகளாக இருந்தால் அந்த மாநாட்டைத் தவிர்த்துவிடலாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலில் நிறுவனத்திடமே எழுத்துமூலம் கேட்கச் சொல்லுங்கள். எந்தெந்த அமர்வுகள், அவற்றால் அலுவலகத்துக்கு என்ன பயன் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதினால் போதும். மறுத்தாலும், திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்க அறிக்கை கொடுத்தால் அடுத்த ஆண்டுக் கோரிக்கைக்கு அது வலுச் சேர்க்கும். குடும்பத்துக்குச் சுமையாகும் என்றால், இத்தகைய அமைப்புகளின் கிளைக் கூட்டங்களுக்கு இவ்வாண்டு போய்ப் பழகட்டும். அவற்றுக்குச் செலவு மிகக் குறைவு.

இன்று மாலை அவரிடம் ஒன்று கேளுங்கள்: தன் அலுவலகத்தில் விடை கிடைக்காத எந்த மூன்று கேள்விகளை அங்கே கொண்டு போகப் போகிறார்? அவர் தயங்காமல் சொன்னால் அனுப்பிவையுங்கள். யோசிக்க வேண்டும் என்றால், அடுத்த மாநாடு வரை அவகாசம் கொடுங்கள்.