ஆங்கிலம் உலகப் பொதுமொழியாக நீடிக்க வேண்டுமா?

வேண்டுமா, வேண்டாமா என்று யாரும் வாக்கெடுத்து முடிவு செய்வதில்லை. உலகப் பொதுமொழியாக வேண்டுமென்றே மருத்துவர் சாமன்ஹோஃப் செயற்கையாக உருவாக்கி 1887இல் வெளியிட்ட எஸ்பெராண்டோ மொழிக்கு எளிய இலக்கணம் இருந்தது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுநிலையும் இருந்தது. நியாயப்படி அதுதான் வென்றிருக்க வேண்டும். வெல்லவில்லை. பொதுமொழியை அரியணை ஏற்றுபவை படையும் வணிகமும்தான்.

அந்த அரியணை நிரந்தரமும் அல்ல. ஐரோப்பிய அறிவியலை நெடுங்காலம் ஆண்டது லத்தீன். நியூட்டன் 1687இல் தம் பெருநூலை லத்தீனில் எழுதினார். 1704இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அரசதந்திரத்தில் கோலோச்சிய பிரெஞ்சுக்கு இணையாக முதல் உலகப் போருக்குப் பின் 1919ஆம் ஆண்டு கையெழுத்தான வெர்சாய் உடன்படிக்கையில் ஆங்கிலமும் இடம்பிடித்தது.

இப்போதைக்கு ஆங்கிலமே இருக்கட்டும் என்பேன். காரணம் அதன் பெருமை அல்ல, மாற்றுவதற்கு ஆகும் செலவு. பன்னாட்டு விமானப் போக்குவரத்து ஆங்கிலத்தை நம்பி இயங்குகிறது. 2020இல் பிரிட்டன் வெளியேறிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியம் அதைக் கைவிடவில்லை. இன்னொரு மொழியைக் கொண்டுவந்தாலும் அநீதி தீராது. அந்த மொழிக்காரர்களுக்குச் சலுகை இடம் மாறும், அவ்வளவுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. ஆங்கிலச் சூழலில் பிறக்காத ஆய்வாளர் தம் துறையோடு ஒரு மொழியையும் கற்றுத் தேற வேண்டியிருக்கிறது. திருத்துவதற்குப் பணமும் செலவழிக்கிறார். அங்கே பிறந்தவருக்கோ அது இலவசம். எனவே ஆய்விதழ்கள் நடையைச் செப்பனிடும் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். தாய்மொழியிலும் கட்டுரையை வெளியிட இடம் தர வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பு வளர்ந்துள்ள நிலையில் இதை மறுக்கச் சாக்கு குறைவு.