லட்ச ரூபாய் ஆட்டோமேட்டிக் வாட்ச் ஏன் தினமும் சில நொடி தவறுகிறது?

ஆட்டோமேட்டிக் வாட்ச் பேட்டரியில் ஓடுவதில்லை, முறுக்கிய சுருள்வில்லின் விசையில் ஓடுகிறது. கை அசையும்போது உள்ளே ஒரு எடை சுழன்று வில்லுக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நேரத்தை அளப்பது, முன்னும் பின்னும் ஆடும் ஒரு சின்னச் சக்கரம். பல வாட்ச்களில் அது நொடிக்கு 8 முறை துடிக்கும். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சில் இருக்கும் படிகமோ பொதுவாக நொடிக்கு 32,768 முறை அதிரும். மெதுவாக ஆடும் ஊஞ்சலின் போக்கைக் காற்றுகூடக் கலைத்துவிடும் இல்லையா? சக்கரத்தையும் அப்படித்தான் வெப்பம், காந்தம், வாட்சைப் படுக்க வைக்கும் கோணம் எல்லாம் கலைக்கும். (ஸ்பீக்கர் மேல் கழற்றி வைக்காதீர்கள்.)

வாட்சின் துல்லியத்தைச் சோதித்துத் தரும் சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சான்றே நாளுக்குச் சராசரியாக 4 நொடி பிந்துவதையும் 6 நொடி முந்துவதையும் அனுமதிக்கிறது. நீங்கள் கொடுக்கும் பணம் வேலைப்பாட்டுக்கும் பெயருக்கும்தான். துல்லியம் மட்டும் போதுமென்றால் ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸே வாங்கலாம் என்பேன். எதுவானாலும், சர்வீஸ் செலவை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழற்றி வைத்த ஆட்டோமேட்டிக் நின்றுபோவதைப் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். வில் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான், சாவி கொடுத்துக் கட்டினால் ஓடும்.